பொது நிலமும் பொது ஜனங்களும்

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் திருவள்ளூர் மாவட்டத்துச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு சாய்வு உடையது. வற்றாத நதி எதுவும் இல்லாமல், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையையே பிரதானமாக நம்பிய அந்தப் பூமியில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்தது என்றால், அந்தச் சாய்வைக் கண்டுகொண்டு, ஊருக்கு மேல்புறத்தில் பிறை வடிவமாக மண்கரை போட்டு, ஓடிவரும் வெள்ளத்தை மறித்து நிறுத்தி, மிஞ்சியதைக் கலங்கல் வழியாகக் கீழூர் ஏரிக்கு அனுப்பி, அங்கும் மிஞ்சியதை அதற்கும் கீழே விட்டு, கடைசியில் பழவேற்காட்டு ஏரியிலோ எண்ணூர்க் கழியிலோ சேரும்படி செய்த பெயர் தெரியாத மனிதர்களின் புத்தி நுட்பமே அதற்குக் காரணம். இத்தகைய ஏரிகள் தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் இருப்பதாகச் சர்க்கார்க் கணக்கு சொல்கிறது. அவற்றுள் பல இந்தப் பகுதி அடங்கிய பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நெருங்கிக் கிடக்கின்றன.

ஏரியை வெட்டுவது ஒரு தலைமுறையின் காரியம். அதைக் காப்பதோ எல்லாத் தலைமுறைகளின் காரியம். ஆவணி புரட்டாசியிலேயே வரத்துக் காலைத் தூர் எடுத்துச் சீர் செய்ய வேண்டும். கரையில் எலியும் நண்டும் குடைந்த வளைகளைத் தேடி அடைக்க வேண்டும். மதகின் அடைப்பு சரியாக அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்வாயில் முளைத்த வேலிக்கருவையை வேரோடு பறிக்க வேண்டும். அடைமழை இரவுகளில் கரைமேல் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். இவற்றில் எதுவும் பெரிய வேலை அன்று. ஆனால் எதுவும் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கக் கூடியதும் அன்று. மேலூர்க் கரை உடைந்தால் கீழூர்க் கரையும் அதன் பாரம் தாங்காமல் உடையும் என்பதால், ஓர் ஊரின் அசிரத்தை அந்த ஊரோடு நின்றுவிடுவதில்லை. யாருடைய பட்டாவிலும் இல்லாத ஒன்றுக்காக இவ்வளவு சிரமத்தை இத்தனை நூற்றாண்டுக் காலம் யார் எடுத்துக்கொண்டார்கள், எதற்காக எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வியை நாம் போதுமான கவனத்தோடு கேட்பதில்லை. அந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொது நலத்தில் பக்தி இருந்தது, இந்தக் காலத்து ஜனங்களுக்கு அது போய்விட்டது என்று பெருமூச்சு விடுவதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்தப் பிரதேசத்தைப் பொறுத்தவரை, பெருமூச்சைவிட மேலான ஆதாரங்கள் நமக்கு இருக்கின்றன. ஆர்க்காட்டு நவாப் 1763-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கற்பட்டுச் சீமையை, தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். பொன்னேரி உட்பட ஏறத்தாழ 2,000 ஊர்களைப் பற்றிய அந்தக் கணக்குகளை இருபதாம் நூற்றாண்டில் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தரம்பால் என்ற ஆராய்ச்சியாளர். களத்து மேட்டில் நெல் குவிந்தவுடன், சர்க்கார் வாரமும் குடிவாரமும் பிரிக்கப்படுவதற்கு முன்பாகவே, கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு என்று அந்தந்தப் பங்கு அளந்து ஒதுக்கப்பட்டது என்பதையும், அந்த வரிசையில் ஏரியும் ஒரு பங்காளியாக நின்றது என்பதையும் அக்கணக்குகள் காட்டுகின்றன. ஏரிக்கு என்று நெல் எடுத்து வைக்கப்பட்டது. நீர் பாய்ச்சும் கம்புகட்டிக்கு என்று நெல் எடுத்து வைக்கப்பட்டது. மதகைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் பெற்றவன் இன்னான் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது; அவன் வயிற்றுக்கு வழியும் அவ்வூர்க் களத்திலேயே இருந்தது. நம் முன்னோரின் சாதனை இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பொது இடத்தைக் காப்பதை அவர்கள் மனிதனின் நல்ல சுபாவத்தை நம்பி விட்டுவிடவில்லை. அதை ஓர் உத்தியோகமாக்கி, உத்தியோகத்துக்கு ஒருவனை நியமித்து, அவனுக்குப் படியளந்தார்கள்.

கம்பெனியார் வந்த பிறகு களத்து மேட்டின் கணக்கு மாறிற்று. பங்குகளில் ஒரு பகுதி சர்க்கார் வரியில் கரைந்தது. ஏரியின் பங்கு எங்கே போயிற்று என்று கேட்பாரில்லாமல் போயிற்று. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் அக்கறை காட்டியவர்தான். மதுராந்தகத்து ஏரி உடையாமல் ஸ்ரீராமரே கரையில் காவல் நின்றார் என்ற கதை அவரைச் சேர்த்துத்தான் இன்றும் சொல்லப்படுகிறது. தெய்வமும் துரையும் ஞாபகத்தில் நின்றார்கள். கூடை கூடையாக மண் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கதையும் சுமக்கவில்லை. பின்னர், ஒதுக்கீடு போய்விட்ட இடத்தில் கட்டாயம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், வெள்ள ஆபத்துக் காலத்தில் ஜனங்களைக் கரை வேலைக்கு நிர்ப்பந்தமாக அழைக்கவும், வழக்கமாகக் குடிகள் செய்துவந்த மராமத்தைச் செய்யாதவர்களைத் தண்டிக்கவும் இடம் கொடுத்தது. படியளந்து வாங்கிய வேலையைப் படியை எடுத்துக்கொண்டு சட்டத்தால் வாங்க முயன்றால் அது எவ்வளவு தூரம் நடக்கும்? சட்டப் புஸ்தகத்தில் அது நெடுங்காலம் இருந்தது; கரையில் அதன் பலன் சொற்பம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது. குடிமராமத்து என்பதை ஊர் ஒற்றுமையின் பொற்காலமாக நாம் வர்ணிப்பதே பிற்காலத்துக் கற்பனையாக இருக்கலாகாதா? தென் மாவட்டத்து ஏரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் 2003-இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இப்படித்தான் வாதிக்கிறார்: ஏரிகள் சமத்துவமான ஊர்ச் சபைகளால் மட்டும் நிர்வகிக்கப்படவில்லை, அரசனின் தானமும் பாளையக்காரனின் கௌரவமும் சாதியின் அதிகாரமும் சேர்ந்தே அவற்றைத் தாங்கி நின்றன, பண்டைக்காலக் குடிமராமத்து என்ற சித்திரத்துக்குக் காலனி ஆட்சியின் அதிகாரிகளே பெரும்பகுதி வர்ணம் பூசினார்கள் என்பது அவர் கட்சி. அவருடைய ஆராய்ச்சி நடந்தது வேறு பூமியில் என்றாலும், நம் செங்கற்பட்டு ஜில்லாவின் ஆவணங்களே அவருக்குச் சாட்சி சொல்லக் காத்திருக்கின்றன.

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர், தம் ஜில்லாவின் பறையர் மக்களுடைய நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஊரில் தரிசாகக் கிடந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாத பொது நிலம் என்று வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தோன்றும். உண்மையில் அதன்மேல் மிராசுதாரருக்கு முன்னுரிமை இருந்தது. மிராசு உரிமை இல்லாத ஒருவர் தரிசைச் சாகுபடிக்குக் கேட்டு மனுச் செய்தால், முதலில் அது மிராசுதாரரைக் கேட்டே தீர்க்கப்பட வேண்டும். தம் பண்ணையாள் தனக்கென்று ஒரு துண்டு நிலம் பெறுவதை விரும்பாத மிராசுதாரர், அந்த முன்னுரிமையைக் கொண்டே மனுவைத் தடுத்துவிட முடிந்தது. குடியிருக்கும் குடிசையின் அடிமண்கூடச் சேரி மக்களுக்கு நிச்சயமில்லாதிருந்தது. அந்த அறிக்கையை ஒட்டி எழுந்த விவாதத்தின் பயனாகவே 1892-இல் பிறந்த அரசாணையின்படி தாழ்த்தப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது; பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்கிலும் போராட்டத்திலும் அடிபடுவது அதுவே.

ஆகவே பார்னார்டின் கணக்கையும் டிரெமன்ஹீரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். முதலாவதை மட்டும் படிப்பவர் பழமையைப் பூஜிக்கப் புறப்படுகிறார். இரண்டாவதை மட்டும் படிப்பவர் பழமையில் கற்க ஒன்றுமில்லை என்று கையை உதறிவிடுகிறார். பேணுதல் என்பதற்கு ஒரு கிரமமும், கிரமத்துக்கு ஒரு படியும், படி பெற்றவனுக்கு ஒரு பொறுப்பும் வேண்டும் என்பதை அந்தக் காலத்து ஊர் அறிந்திருந்தது. ஆனால் அடைமழை இரவில் மூங்கில் கழியோடும் வைக்கோலோடும் ஓடிப்போய்க் கரை உடைப்பில் இறங்கி நின்றவன், மறுநாள் காலையில் ஊர்க் குளத்தில் கை நனைக்கக் கூடாது என்பதையும் அதே ஊர்தான் விதித்தது. அவனுடைய உழைப்பு பொதுவில் சேர்ந்தது, அவன் சேரவில்லை. இந்தப் பிளவு ஆறாதவரையில், ஏரியைத் தூர் வாரலாம், குளத்துக்குப் படி கட்டலாம், மந்தைவெளிக்கு வேலி போடலாம். ஆனால் அவற்றைக் காப்பதற்கு ஒரு சமூகம் இருக்காது.

இது பழங்கதை என்று எண்ணுவோருக்குத் தேர்வாய் கண்டிகையின் சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அணித்தாயிருக்கும் அவ்வூரின் ஜனங்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். ஊரை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்த நிலம் சர்க்கார்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு. ஊராருக்கு அது காடு. மாடும் ஆடும் அங்கே மேய்ந்தன. விறகும் மூலிகையும் காய் கனியும் அங்கிருந்து வந்தன. காட்டின்மீது பெய்த மழை வழிந்து ஊர் ஏரிகளில் இறங்கிற்று. சொந்த நிலம் சொற்பமாகவோ இல்லாமலோ இருந்தவர்களுக்கு அந்தக் காடு எப்பேர்ப்பட்ட ஆஸ்தியாக இருந்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். அவர்களே அதைக் காத்தும் வந்தார்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் அதில் 1,127 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலின் அங்கே ஆலை நிறுவ 2009-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊரார் மறியல் செய்தார்கள், மனுப் போட்டார்கள், நீதிமன்றம் சென்றார்கள். 2012-இல் பிரெஞ்சு அமைப்புகளின் துணையோடு, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை விதிகளைக் கண்காணிக்கும் பாரிஸ் அலுவலகத்தில் முறையிடவும் செய்தார்கள். சேரியிலிருந்து தரிசு நிலத்துக்கு மனுச் செய்தவனின் பேரப்பிள்ளைகள், மேய்க்கால் நிலத்துக்காகப் பாரிஸ் நகரம் வரை வாதாடினார்கள் என்பதை இந்த மாவட்டத்துச் சரித்திரத்தில் ஒரு பெருமையாகவே எழுதி வைக்க வேண்டும். காடு திரும்பவில்லை.

தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிவது ஆலைச் சம்பளத்தால்தான் என்பதை எவரும் மறுக்க முடியாது. மழை பொய்த்த ஆண்டில் ஏரியும் காடும் தர முடியாததை மாதச் சம்பளம் தருகிறது. என் விசாரமெல்லாம் எந்த நிலம் முதலில் எடுக்கப்படுகிறது என்பதைப் பற்றியதே. பட்டா நிலத்தை எடுத்தால் நஷ்ட ஈடு தர வேண்டும், சொந்தக்காரனோடு பேச வேண்டும், அவன் வழக்காடுவான். புறம்போக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. காகிதத்தில் அதன் உடைமையாளர் சர்க்காரே ஆகையால், சர்க்கார் தன் ஒரு கையிலிருந்து மறு கைக்கு அதை மாற்றிக்கொள்கிறது. நூறு ஆண்டுகளாக அதைக் காத்தவனுடைய உழைப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் கலம் இல்லை.

அவ்வூரின் கதை இத்தோடு முடியவில்லை. சென்னை மாநகரின் தாகத்துக்காகத் தேர்வாய் கண்டிகை ஏரியையும் பக்கத்துக் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, சுமார் 380 கோடி ரூபாய்ச் செலவில், 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள ஒரு நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டு, 2020 நவம்பர் 21-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. 1944-இல் பூண்டி கட்டப்பட்ட பிறகு மாநகரின் குடிநீருக்கென்று புதிதாக எழுந்த நீர்த்தேக்கம் இதுவே. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் ஊரின் மேய்ச்சல் நிலம் ஆலைக்கும் ஊரின் ஏரி நகரத்துக்கும் போன பிறகு, அங்கே காவல் நிற்பவர் துறையின் சம்பளம் பெறும் சிப்பந்தி. கரையில் எலி வளை இருக்கிறதா என்று பார்ப்பது இனி ஊரானுடைய காரியமன்று. உபயோகம் போனால் பொறுப்பும் போய்விடும். பொறுப்பு போன பிறகு, ஊர் இளைஞனிடம் பொது உணர்ச்சி இல்லை என்று குறை கூறுவதில் நியாயம் இல்லை.

பொது வளங்கள் யாவும் பேராசையால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தி பெற்றது. ஜப்பானிய மலையூர்கள், சுவிட்சர்லாந்து மேய்ச்சல் வெளிகள், ஸ்பெயின் வாய்க்கால்கள் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, அப்படி அழியாமல் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தவையும் உண்டு என்று 1990-இல் நிறுவி, பின்னர் 2009-இல் நோபல் பரிசு பெற்றவர் எலினோர் ஆஸ்ட்ரம். நிலைத்த ஏற்பாடுகளுக்குரிய லக்ஷணங்களில் அவர் முதலாவதாகக் கூறுவது, உரிமையுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. பழவேற்காட்டில் இதற்குக் கண்கண்ட உதாரணம் உண்டு. அங்கே மீனவ ஊர்கள் ஏரியில் வலையிடும் இடங்களைப் பாடு என்று வகுத்து, யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கின்றன. நல்ல இடமும் மோசமான இடமும் முறைவைத்து எல்லோருக்கும் வருகிறது. எளிமையிலும் நியாயத்திலும் இதை மிஞ்சிய ஏற்பாடு கிடைப்பது அரிது. ஆனால் சீட்டில் பெயர் சேர்வதற்குக் குறிப்பிட்ட குலத்தில் பிறந்து, அந்த ஊரில் தலைக்கட்டாகவும் இருக்க வேண்டும். இறாலைக் கையால் தடவிப் பிடித்து ஜீவனம் செய்யும் இருளரின் பெயர் அந்தக் குலுக்கலில் வருவதில்லை. ஆஸ்ட்ரம் சொன்ன தெளிவான எல்லை நம் நாட்டில் அநேகமாகப் பிறப்பின் எல்லையாகவே இருந்துவிட்டது என்பதுதான் நம்முடைய விசேஷ சங்கடம். எல்லையை நீக்கிவிட்டால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். எல்லையை அப்படியே வைத்துக்கொண்டால் உரிமை சிலருக்கும் உழைப்பு பிறருக்கும் ஆகிறது. அதை வேறோர் இடத்தில் புதிதாக வரைய வேண்டும்.

அப்படி வரைந்து பார்த்த ஊர் ஒன்றும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. பூந்தமல்லிக்கு அருகேயுள்ள குத்தம்பாக்கத்தில் 1996-இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ, அவ்வூரில் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்து, ரசாயனப் பொறியியல் படித்து, மத்திய அரசின் விஞ்ஞானக் கூடத்தில் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையும் பெயர் வாங்கித் தந்திருந்த ஊர் அது. அவர் செய்த பல காரியங்களில் என் மனத்தை அதிகம் கவர்ந்தது சாக்கடைக் கதைதான். தெருவோரக் கால்வாய் கட்டுவதற்குச் சர்க்கார் மதிப்பீட்டில் ஒரு மாதிரியும் ஒரு தொகையும் இருந்தன; பக்கத்துக் கருங்கல் பாலிஷ் ஆலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய கல் துண்டுகளைக் கொண்டு, ஊராருடைய உழைப்போடு, அதைவிடக் குறைந்த செலவில் அவர் கால்வாய் கட்டினார். மதிப்பீட்டிலிருந்து விலகினார் என்ற குற்றத்துக்காகப் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். அப்போது கிராம சபை கூடியது. ஜனங்கள் திரண்டு வந்து, நடந்தது தங்கள் சம்மதத்தோடு நடந்தது என்று சாட்சி கூறினார்கள். அவர் பதவி திரும்பியது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் கிராம சபை என்று ஒரு ஸ்தாபனம் இருப்பதே பலருக்குத் தெரியாதிருந்த நாட்களில், ஒரு சாக்கடையைப் பற்றிய வழக்கில் அது தன் பலத்தைக் காட்டிற்று.

அதே ஊரில்தான் இரட்டை வீடுகளும் எழுந்தன. நடுவே ஒரே சுவர். ஒரு பக்கம் ஆதிதிராவிடக் குடும்பம், மறுபக்கம் பிற சாதிக் குடும்பம். தெருவிளக்கும் குழாயும் இருசாராருக்கும் ஒன்றே. கருங்கல் கால்வாயையும் இந்த வீட்டுச் சுவரையும் இருவேறு சீர்திருத்தங்களாகப் பார்ப்பது தவறு என்று எனக்குப் படுகிறது. கிராம சபையில் அன்று எழுந்து நின்று சாட்சி சொன்ன கூட்டம், ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்து கிடந்திருந்தால் ஒரு கூட்டமாக எழுந்திருக்காது. பிற்காலத்தில் நகரத்துக் குப்பையை அவ்வூர் மேய்ச்சல் நிலத்தில் கொண்டுவந்து கொட்டும் யோசனை எழுந்தபோது, செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர் தரும் பூமி அது என்று சொல்லி ஊரார் நெடுநாள் எதிர்த்து நின்றதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

எல்லா ஊரும் குத்தம்பாக்கம் ஆகிவிடவில்லை. கும்மிடிப்பூண்டி அருகே தோக்கமூரில், திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டிய பொது நிலத்தில் ஆதிதிராவிடர் நுழையாதபடி எழுப்பப்பட்ட நீண்ட சுவர் பல ஆண்டுகள் நின்று, 2022 அக்டோபரில் அதிகாரிகளால் இடிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவி, ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆதிதிராவிடப் பெண்மணி, சுதந்திர தினத்தன்று பள்ளியில் தேசியக் கொடியை ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவிய பிறகு, சில நாள் கழித்து, மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில் ஏற்றினார். பள்ளியின் மைதானம் பொது இடம்; கொடிக்கம்பம் பொதுச் சொத்து; இரண்டுக்கும் அன்று சட்டப்படி பாதுகாவலராக இருந்தவர் அந்த அம்மையார்தான். அவர் கையால் கொடி ஏறுவதைப் பொறுக்காத மனம், அவர் தலைமையில் கூடிய சபையில் வந்து அமர்ந்து ஏரிக் கணக்கைக் கேட்டிருக்குமா? கோயில் நிலத்தில் சுவர் எழுப்பிய ஊர், அந்தச் சுவருக்கு அப்பாலுள்ள பெண்களைக் கரை வேலைக்குக் கூப்பிட எந்த முகத்தோடு போகும்?

கூப்பிடாமலே அவர்கள் வருகிறார்கள் என்பது வேறு விஷயம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வந்த நூறு நாள் வேலையில் இம்மாவட்டத்து ஏரிகளில் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கியவர்களைப் பார்த்தால் பெண்களே மிகுதி; அவர்களுள் நிலமற்றவர் மிகுதி. 2017-இல் குடிமராமத்து என்ற பழம்பெயரோடு அரசு 100 கோடி ரூபாயில் தொடங்கிய திட்டத்திலோ, ஏரியின் பாசனத்தால் பயன்பெறும் ஆயக்கட்டுதாரரின் சங்கங்கள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றும், பணியை அவர்களே எடுத்து நடத்தலாம் என்றும் ஏற்பாடு. பங்களிப்பைக் கேட்பது நல்ல கொள்கை. ஆனால் ஆயக்கட்டில் நிலமில்லாதவருக்கு அந்தச் சங்கத்தில் என்ன ஸ்தானம்? மாடு குளிப்பாட்டுகிறவள், மீன் பிடிக்கிறவன், கோரை அறுக்கிறவள், ஏரி நிறைந்தால் மட்டும் ஊறும் கிணற்றில் குடிநீர் இறைக்கிறவள் ஆகியோரும் ஏரியின் பயனாளிகளே. மிராசுதாரரின் முன்னுரிமை போன பிறகும் பட்டாதாரரின் முன்னுரிமை அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

இன்றைய ஊராட்சியில் கம்புகட்டியின் வாரிசுகள் யார் என்று தேடினால், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டரும், காலையில் தள்ளுவண்டியோடு வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலரும் அகப்படுகிறார்கள். பெயர் மரியாதையாக மாறியிருக்கிறது. ஊதியம் அந்த மரியாதைக்கு ஈடாக உயரவில்லை. கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இவர்களுடைய பாரம் மற்ற ஊர்களில் உள்ளதைவிடக் கடினமானது. ஆலைகளில் வேலை செய்ய ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் வரிசை வீடுகளில் அறைக்குப் பலராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் வாடகை வாங்குவது வீட்டுக்காரர், அவர்கள் போடும் குப்பையை அள்ளுவது தூய்மைக் காவலர், அவர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் ஏற்றுவது ஆபரேட்டர். ஊர் பெருத்துவிட்டது, ஊரைப் பேணுகிறவர்களின் எண்ணிக்கை அதே விகிதத்தில் பெருக்கவில்லை. அந்த இளைஞர்களால் ஊர் அசுத்தமாகிறது என்று உள்ளூரார் முணுமுணுப்பதுண்டு. சட்டப்படி கிராம சபையின் அங்கத்தினர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்கள் மட்டுமே. இங்கேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பெயர் சொந்த மாநிலத்துப் பட்டியலிலேயே இருப்பதால், கூட்டம் நடக்கும் இடத்துக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் 1990 முதல் இருந்துவரும் ஈழத்து அகதிகளின் நிலையும் இந்த விஷயத்தில் வேறுபட்டதன்று. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தப் பள்ளிக்கூடங்களிலேயே படித்து, இந்த ஏரிக்கரை வழியாகவே நடந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பேசும் தமிழுக்கு எந்தச் சபையிலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆயினும் வாக்கில்லாத காரணத்தால் சபைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு 4 நாட்கள் கூடிவந்தது. இப்போது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஐயும் சேர்த்து 6 நாட்கள் கூட வேண்டும் என்றாகியிருக்கிறது. மார்ச் 22 பங்குனி மாதம். ஏரி வற்றி, உள்வாய் வெளிப்பட்டு, எந்த இடத்தில் வேலை இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் காலம். அன்றைய சபையை ஊராட்சி அலுவலகத்து ஷாமியானாவிலிருந்து ஏரிக்கரைக்கு மாற்றுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அங்கே வாக்களிக்கும் உரிமை வாக்காளருக்கே இருக்கட்டும். ஆனால் பேசுவதற்கு முகாமிலிருந்து இருவரையும், வரிசை வீடுகளிலிருந்து இருவரையும், ஆலைகளின் சார்பில் ஒருவரையும் தலைவர் அழைக்கலாம். வரத்துக் கால் எங்கே அடைபட்டிருக்கிறது, ஆலைக் கழிவு எந்த ஓடையில் இறங்குகிறது, தூய்மைக் காவலருக்குச் சம்பளம் எந்த மாதம் வரை வந்திருக்கிறது என்ற மூன்று கேள்விகளை மட்டும் முதல் ஆண்டு எடுத்துக்கொண்டால் போதும். மூன்றாவது கேள்வியையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பதில் சொல்லும்போது தூய்மைக் காவலரும் அந்தச் சபையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்க வேண்டும்.